காலியாக இருந்த பக்கம்

என் சின்னுவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வராத நாள்முதல், உன் ஆங்கில இலக்கிய எம்.ஏ. விண்ணப்பம் மேசையிலேயே கிடந்தது. ‘ஏன் இலக்கியம்?’ என்ற பக்கம் மட்டும் காலி. பதினொரு மாதம் நான்கு நாள் உன் புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்து, அதை நானே எழுதினேன். உன் பெயரிலேயே அனுப்பினேன். சாமியிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.

நேற்றுக் கல்லூரியிலிருந்து ஒரு அம்மாள் போனில் அழைத்தார். “கட்டுரை மனசை என்னமோ பண்ணுது. நீங்க எழுதினதுதானே?”

“நான்தான் எழுதினேன்.” அது பொய்யில்லை.

“அப்போ வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்கு வந்துடுங்க.”

உன் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்: “யாருக்குப் போன்?”

“சின்னுவுக்கு.”

அவர் கை நின்றுவிட்டது. “அவ இல்லன்னு சொல்லிட வேண்டியதுதானே.”

சொல்ல வாய் வரவில்லையடி. வெள்ளிக்கிழமை உன் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு போகிறேன். அங்கே உன் பேரைக் கூப்பிட்டால் எழுந்து நிற்பேன்.

அம்மா