அண்டாக் குண்டின் குங்குமம்

எமது பாடசாலை அருங்காட்சியகக் குழு நேற்று கூடி, நீண்ட விவாதத்துக்குப் பின் ஏகமனதாக ஒரு தீர்மானம் எடுத்தது. நாகசாகிக் குண்டுக்கு மறுபடி வெள்ளிப் பெயின்ட் அடிப்பது. ஆனால் அதன் நெற்றியிலுள்ள குங்குமத்தின் மேல் அடிப்பதில்லை. குழு என்பது இப்போது நான் மட்டும்தான். நீ போன பிறகு உன் இடத்துக்கு யாரையும் எடுக்கவில்லை.

பெயின்ட் டின்னைத் திறந்ததும் அதே வாடை. தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்திலிருந்து பௌதிகம் படிப்பிக்க வந்த நீயும், இங்கே மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வரலாறு படிப்பித்த நானும் ஹட்டனில் இரண்டு அணுகுண்டுகள் செய்தோம். மெலிந்த ஹிரோஷிமாக் குண்டு ஒரு தண்ணீர்க் குழாய். பருத்த நாகசாகிக் குண்டு, கல்யாண வீட்டு அண்டாக்கள் இரண்டை வாயோடு வாய் வைத்து ஒட்டியது.

ஞாயிறுகளில் தோட்டத்துச் சனம் பார்க்க வரும். எந்தக் கேள்விக்கும் நீ சிரித்ததில்லை. உள்ளே என்ன இருந்தது என்று கேட்டால் ஒரு தோடம்பழத்தை உயர்த்தி, இவ்வளவு புளூட்டோனியம்தான் ஊரை அழித்தது என்பாய். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்பாய். "தெரியாது எண்டு சொல்லுறது வெக்கமில்லை மச்சான். அடுத்த ஞாயிறும் தெரியாது எண்டு சொல்லுறதுதான் வெக்கம்."

ஒரு வருடம் ஆயுத பூசை சனிக்கிழமை வந்தது. தொழிற்சாலை இயந்திரம் முதல் பஸ் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கும் நாள். பாடசாலைக் காவற்காரர் தட்டச்சு இயந்திரம், மணி, நுணுக்குக்காட்டி என்று வைத்துக்கொண்டு வந்து, குண்டுகளையும் மனம் நோகவிடாமல் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் சாத்தியிருந்தார். யுத்த காலம். யாழ்ப்பாண அடையாள அட்டைக்காரர் ஒருவர் குண்டுக்குப் பூசை செய்கிறார் என்ற செய்தி ஞாயிறு காலையே பொலிசுக்குப் போய்விட்டது.

ஜீப் வாசலில் நின்றபோது நான் ஈரத்துணியோடு ஓடினேன். "துடையாதை," என்றாய். "துடைச்சால் ஒளிச்ச மாதிரி."

மலைக்கு அந்தப் பக்கம் பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கிலிருந்து நாலைந்து பெண்களோடு வந்திருந்த ஓர் அம்மா அப்போதுதான் கேட்டிருந்தார்: "இது எங்க ஊர்ல விழுந்தா ஹட்டன் தப்பிச்சிருமா சார்?" இன்ஸ்பெக்டர் உன் தோளைத் தொட்டார். அந்தக் காலத்தில் அப்படிப் போன எல்லோரும் திரும்பி வந்ததில்லை. "இருங்கோ அம்மா, வந்து சொல்லுறன்," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினாய்.

அவர்கள் இருந்தார்கள். மத்தியானம் போகச் சொல்லிப் பார்த்தேன். "சார் வந்து சொல்றேன்னாருங்களே," என்றார் அந்த அம்மா, நான் ஏதோ மரியாதையில்லாமல் பேசிவிட்டதுபோல.

இருட்டும் நேரத்தில் அதே ஜீப்பில் வந்தாய். ஸ்டேஷனில் பொலிஸ்காரர்களும் கேள்விதானே கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சிங்களத்தில் பதில் சொல்லியிருக்கிறாய். அண்டா என்பதை மட்டும் நம்பாத இன்ஸ்பெக்டர், தட்டிப் பார்க்கக் கூடவே வந்திருந்தார். அவரை நிற்க வைத்துவிட்டு நீ அந்த அம்மாவிடம் போனாய்.

"மலை கொஞ்சம் மறைக்கும் அம்மா. நாகசாகியிலையும் மலைக்கு அங்காலை இருந்த கனபேர் தப்பினவை. பள்ளத்தாக்கிலை இருந்தவை தப்பேல்லை."

"அப்ப எங்க மலை ஒங்களக் காப்பாத்தும். எங்களக் காப்பாத்தாது."

"ஓம் அம்மா."

இன்ஸ்பெக்டர் அதைச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார். சொன்னாய். அவர் அண்டாவைத் தட்டிப் பார்க்கவே இல்லை.

இப்போது நான்தான் பதில் சொல்கிறேன். வரலாற்று வாத்தியாருக்குத் தெரியாதது நிறைய. அடுத்த ஞாயிறுக்குள் தேடி வைக்கிறேன். சிரிப்பதில்லை. குங்குமம் ஏன் என்று கேட்பவர்களுக்கு இதையெல்லாம் பெருமையாகவே சொல்கிறேன். முடிவை மட்டும் யாரும் நம்புவதில்லை.

அன்றைக்குப் பொகவந்தலாவைக் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. பெண்களைப் பொலிஸ் ஜீப் லயத்து வாசலில் இறக்கிவிட்டது.