காலை ஐந்தே முக்கால் ஃபோன்

மார்ச் 3, திங்கள்

வெட்கக்கேடு. எழுதித் தொலைக்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில், எழுபத்தெட்டு கிலோவில், குளியலறை வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி, ஜன்னல் வழியாகச் சொந்தப் புருஷனை வேவு பார்த்தேன். வாளி பிளந்தது. முழங்கால் வீங்கியிருக்கிறது. "என்ன சத்தம்?" என்றார் கொல்லையிலிருந்து. "வாளி பழசு" என்றேன்.

விஷயம் இதுதான். தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு இவருக்கு ஃபோன் வருகிறது. போன மாதம் நான் இடுப்புவலியால் நடைப்பயிற்சியை நிறுத்தி வீட்டிலேயே இருக்க ஆரம்பித்த பிறகுதான் என் கண்ணில் பட்டது. கொல்லைக்குப் போய் எடுக்கிறார். ஒரே வார்த்தை: "இருக்கேன்." அவ்வளவுதான், வைத்துவிடுகிறார்.

யாரென்று கேட்டால், "சங்கத்துல இருந்து." இவர் பட்டாளத்தை விட்டு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முன்னாள் படைவீரர் சங்கத்துக்குக் கோழி கூவுகிற நேரத்தில் இவரிடம் என்ன வேலை?

மார்ச் 4, செவ்வாய்

மாடி வீட்டு டீச்சரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கொடுத்த கதைதான்.

"ஒரே வார்த்தையா? அப்படின்னா ஆபத்துதான்க்கா. வளவளன்னு பேசுற ஆம்பளை ஒண்ணும் பண்ண மாட்டான். எங்க வீட்டுக்காரரையே பாருங்களேன்!"

பார்த்தேன். வாசலில் பால்காரரிடம் உலக அரசியல் பேசிக்கொண்டிருந்தார். நியாயமாகத்தான் பட்டது.

மார்ச் 6, வியாழன்

சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்தார். ஊரே 'மீசை' என்று கூப்பிடும்; மீசை முன்னால் நுழைந்து, அரை நிமிஷம் கழித்து மனிதர் நுழைவார். சங்கத்துக்கு இருபத்தைந்து வருஷமாம். விழாவில் நான் வாழ்த்துரை வாசிக்க வேண்டுமாம்.

"வாராவாரம் பத்திரிகையில எழுதுற மாதிரி சிரிப்பா எழுதுங்கம்மா. எங்களை வெச்சு சிரிச்சிடாதீங்க, அதான் முக்கியம்."

சங்கம் என்னென்ன செய்கிறது என்று கேட்டேன். பென்ஷன் மனு, மருத்துவ முகாம், இறந்துபோனவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு. ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன்.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணு இருக்கு. அதை எழுத வேணாம்."

சொல்லிவிட்டு இவரைப் பார்த்தார். இவரோ காலி டீ டம்ளரை எதிரி நாட்டு வரைபடம் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி. மீசையும் கூட்டு.

மார்ச் 9, ஞாயிறு

ஐந்து நாற்பதுக்கே ஃபோனைக் கையில் ஏந்திக் காத்திருக்கிறார். எனக்காக இந்த மனிதர் ஒரு பஸ் நிறுத்தத்தில்கூடக் காத்திருந்ததில்லை.

மார்ச் 11, செவ்வாய்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

மத்தியானம் குழாய் ஒழுகுகிறது என்று வாஷர் வாங்கக் கடைக்குப் போனார். ஃபோன் சார்ஜில் கிடந்தது. காலையில் வந்த அதே எண்ணை அழுத்தினேன்.

பெண் குரல்! "என்னப்பா? எங்க இருக்க?"

'ப்பா'வாம்! நான் மூச்சுவிடவில்லை.

"பேச வேணாம். லைன்லயே இரு. இதோ வந்துட்டேன்."

பட்டென்று வைத்தேன். திரும்பத் திரும்ப அடித்தது, நான் எடுக்கவில்லை. வரட்டுமே! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பேச வேண்டிய வசனத்தையெல்லாம் ஒத்திகை பார்த்தபடி வாசலில் நின்றேன்.

பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டர் வந்தது. ஓட்டியது மீசை, பனியனோடு. பின்னாலிருந்து இறங்கியவள் நரைத்த தலைக்காரி. ஒரு காலில் ரப்பர் செருப்பு, மறு காலில் தோல் செருப்பு. என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒவ்வொரு அறைக் கதவாகத் திறந்தாள். குளியலறையையும் விடவில்லை. கொல்லைக்குப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்தாள். கிணற்றை எதற்குப் பார்க்கிறாள் என்று யோசித்தபோதுதான் செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டேன்.

"எங்க அவன்?"

"கடைக்கு... வாஷர்..."

"அப்ப ஃபோன் பண்ணது?"

"நான்தான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மீசை சுவர்ப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவளாம். சங்கம் வைத்திருக்கும் பட்டியலில் பதினேழு பேர். தினமும் காலையில் ஃபோன் போகும். "இருக்கேன்" என்று சொன்னால் அன்றைக்குக் கவலையில்லை. எடுக்காவிட்டாலோ, நேரங்கெட்ட நேரத்தில் கூப்பிட்டுப் பேசாமல் இருந்தாலோ, யாராவது உடனே வீட்டுக்கு ஓடுவார்கள்.

"ஒருத்தன் விஷயத்துல மட்டும் லேட்டாப் போனோம்மா. அதுக்கப்புறம்தான் இந்த ஏற்பாடு" என்றார் மீசை.

எனக்கு இருக்கிற புத்தியைப் பாருங்கள். "ஓ, இவரும் அந்தப் பதினேழு பேரைப் பார்த்துக்கிறாரா?" என்று பெருமையாகக் கேட்டேன்.

நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பதினேழுல ஒருத்தர்."

அப்போதுதான் இவர் வந்தார், ஒன்றுக்கு இரண்டு வாஷரோடு. எங்கள் மூன்று முகங்களையும் பார்த்தார். "இருக்கேன்" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 12, புதன்

"ஏங்க, எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

"டீ ஆறுது, குடி."

இருபத்தாறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே. யாரோ ஒரு நர்ஸிடம் சொல்ல முடிந்தது, என்னிடம் முடியவில்லை. வேவு பார்த்தது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒளித்தது யார்? வாயைத் திறந்திருந்தால் நான் ஏன் வாளி மேல் ஏறப் போகிறேன்?

மார்ச் 15, சனி

விழா. மற்றதையெல்லாம் நோட்டைப் பார்த்து வாசித்தேன். கடைசியில் மூடி வைத்துவிட்டு இதைச் சொன்னேன்: "நான் ஒரு சந்தேகப்பிராணி. இந்தச் சங்கத்துக்காரங்க என்னைவிடப் பெரிய சந்தேகப்பிராணிங்க. தன்னோட ஆளு ஒருத்தர் இன்னைக்கு நல்லா இருக்காரான்னு தினம் விடியறப்ப சந்தேகப்படுறாங்க. அந்த மாதிரி நல்ல சந்தேகம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை."

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள். பதினேழு பேரில் மற்றவர்கள் யார் யார் என்று கூட்டத்தில் தேடினேன். என் புத்தி அது. கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோரும் ஒரே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

மார்ச் 16, ஞாயிறு

பழைய கட்டுரைகளைப் புத்தகமாகப் போடப் போவதாகப் பத்திரிகை ஆசிரியர் சொல்லியிருந்தார். கத்தரித்து ஒட்டிய ஃபைல்களை எடுத்துப் புரட்டினேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஜூலை மாதக் கட்டுரை ஒன்று. தலைப்பு: 'உள்ளேன் ஐயா!' முதல் வரி:

"என் வீட்டுக்காரர் நேற்று சாப்பிடும்போது ரொம்பத் தயங்கி ஒரு ரகசியம் சொன்னார்: உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டு இனி தினமும் காலையில் சங்கத்திலிருந்து ஃபோன் வருமாம்."

ஓரத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: வாசகர் கடிதம் முப்பத்திரண்டு.