கம்முனு கிடந்த கடல்

மச்சான், இன்று காலை வண்டியைத் துடைக்கலாம் என்று பரணிலிருந்து பழைய பனியன் வேஸ்ட் துணிக்கட்டை எடுத்தேன். கட்டைப் பிரித்ததும் அந்த வாசனை வந்தது. ஆயிலும் இரும்பும் கலந்த வாசனை, தகடு அடிக்கிற நம் பிரஸ் ஷாப் வாசனை. வண்டியை அப்படியே விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தத் துணியில்தான் ஒரு துண்டு கிழித்து, விரலால் உருட்டி, இரண்டு காதிலும் செருகிக்கொண்டு நீ ஷிஃப்டுக்குப் போவாய். காதில் போட ரப்பர் அடைப்பான் ஆரம்பத்தில் ஒருமுறை கொடுத்தார்கள். தொலைந்த பிறகு கேட்டால், கான்ட்ராக்ட் ஆளுக்கு ஸ்டோரில் இல்லை என்றார்கள்.

எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். என் பேச்சை அங்கங்கே சீவி, வாரிவிட்டுத்தான் எழுதுகிறாள். நீ பேசியதை மட்டும் பேசியபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

மெரினாவுக்குப் போனோமே, அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. ஆயுத பூஜை முடிந்த கையோடு கான்ட்ராக்டர் ஒரு வேன் பிடித்துக் கொடுத்தார். வடக்குப்பட்டிலிருந்து மெட்ராஸ் என்ன அமெரிக்காவா, ஆனாலும் நாம் இருவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்கும் சாவுக்கும் போய்விட்டு அப்படியே திரும்பிவிடுவோம். வேன் டிரைவர் வாலாஜாபாத்காரன். இரும்புக் கடையில் வேலை பார்த்தவன், எதற்கோ அங்கே சண்டை போட்டுவிட்டு டிரைவராகிவிட்டான், அது வேறு கதை. அவன் வைத்த பாட்டுச் சத்தத்தில் வேன் தகரமே அதிர்ந்தது. இருங்காட்டுக்கோட்டை தாண்டுவதற்குள் எல்லோரும் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். நீ மட்டும் ஸ்பீக்கர் பெட்டி மேல் தலை வைத்துக் குறட்டை விட்டாய். "இன்னாயா மனுஷன் இவரு" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

உனக்குக் காது மந்தம் என்று எனக்குத் தெரியும். எதிரே நின்று பேசினால் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாய். பிரஸ் ஷாப்பில் யாருக்குத்தான் மந்தமில்லை. கம்பெனியில் காது டெஸ்ட் வைத்தபோது தேறிவிட்டதாகச் சொன்னாயே, எப்படித் தேறினாய் என்று கேட்டதற்கு என்ன சொன்னாய்?

"சத்தம் கேட்டா கைய தூக்கணும்னாங்க. நான் இன்னா பண்ணேன், அந்த நர்சம்மா வெரலையே பாத்துகினு இருந்தேன். அவங்க பட்டன அமுக்கும்போதெல்லாம் கைய தூக்கிட்டேன்."

சொல்லிவிட்டு என் முதுகில் ஒன்று போட்டாய். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "தெரிஞ்சா லைன்ல வச்சிக்க மாட்டாங்க மச்சான். பொண்ணோட அப்பா கம்பெனியில கீறாருன்னு சொல்லித்தான் பெரியவளுக்கு எடம் வந்துகீது" என்றாய். பெரியவளை அந்தத் தை மாதம் கட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. என் தங்கை பெற்ற பெண், எனக்கும் அவள் பெண்தானே. நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

முதலில் லைட் ஹவுஸ். லிஃப்டில் ஏறும்போது வயிறு கீழேயே தங்கிவிட்டது என்றாய். மேலேயிருந்து பார்த்தால் அவ்வளவு தண்ணீர். "இத்தினி தண்ணி வச்சிகினு நம்ம ஏரிக்கு ஒரு சொட்டு குடுக்கல பாரு" என்று கடலைத் திட்டினாய். கீழே இறங்கி பலூன் சுட்டோம். ஒவ்வொரு முறை சுட்டதும் நீ பலூனைப் பார்க்காமல் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாய். வெடித்த சத்தம் வந்ததா என்று என் முகத்தில் தெரிந்துகொண்டாய். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

பிறகு மணலில் நடந்து தண்ணீர் ஓரம் போய் நின்றோம். அலை வந்து விழுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. நீ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாய்.

"இன்னா மச்சான், கடலு பெரிய சத்தம் போடும்னாங்க. கம்முனு கீதே."

எனக்கு மணல் காலடியில் நழுவியது அலையாலா வேறெதனாலா தெரியவில்லை. பின்னால் நம் சூப்பர்வைசர் சுண்டல் தின்றுகொண்டு நின்றிருந்தார். "தமாசு பண்றான் சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நீ பாட்டுக்கு உள்ளே இறங்கினாய். அலை எழும்பும்போது இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இரண்டு கட்டைவிரலாலும் காற்றை அமுக்கினாய். அலை தொப்பென்று விழுந்தது. "பாத்தியா, ஒரே அடி. பீஸ் ரெடி" என்றாய். பிரஸ் மெஷினில் அப்படித்தானே, இரண்டு கையும் இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கினால்தான் அச்சு இறங்கும், ஒரு கையை எடுத்தாலும் பாதியில் நின்றுவிடும். நான் ஸ்கிராப் அள்ள வந்த முதல் நாள் அச்சு இறங்குவதைப் பார்த்து நடுங்கினேன். "பயப்படாத மச்சான், கைய எட்த்தா நின்னுடும்" என்று எனக்கு எடுத்துக் காட்டினாய். கடலிலும் அதையே செய்துகொண்டு, ஒவ்வொரு அலைக்கும் ஒரு பீஸ் போட்டுக்கொண்டு இருந்தாய். நம் லைன் ஆட்கள் கரையில் நின்று எண்ணினார்கள். அவ்வளவு சிரித்து உன்னை நான் பார்த்ததில்லை.

போலீஸ்காரர் விசில் ஊதினார். ஆழத்தில் நின்றவர்கள் எல்லோரும் கரையேறினார்கள். நீ மட்டும் இன்னும் உள்ளே போனாய். மறுபடி ஊதினார். கரையே உன்னைப் பார்த்துக் கத்தியது. நான் செருப்போடு ஓடிவந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இன்னாடா, இப்பத்தான வந்தோம்" என்றாய்.

கரைக்கு வந்து நீ தலை துவட்டிக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் உனக்குப் பின்னால் வந்து நின்றார். உன் பெயரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிட்டார். பிறகு சத்தமாகக் கூப்பிட்டார். பிறகு உன் தலைக்குப் பின்னால் கையைத் தட்டினார். நான் எதிரே இரண்டு கையிலும் மிளகாய் பஜ்ஜி வைத்துக்கொண்டு நின்றேன். கண்ணைக் காட்டினேன். நீ பஜ்ஜியைத்தான் பார்த்தாய். "குடுறா, ஆறிடப்போது" என்றாய். அவர் போய், உனக்கு ஒரு பொட்டலம் சுண்டல் வாங்கி வந்து கொடுத்தார். நல்ல மனுஷன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய்.

புதன்கிழமை உன் கார்டுக்கு கேட் திறக்கவில்லை. நான் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன்.

"காது கேக்காதவர பிரஸ்ல நிறுத்தி நாளைக்கு எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அவர் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

"இங்கதான சார் காது போச்சு" என்றேன்.

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

பெண்ணுக்கு வந்த இடம் தள்ளிப்போடலாம் என்று சொல்லி அனுப்பியது. நீ ஒரகடம் ரோட்டில் நடுவில் வைத்த செடிகளுக்குத் தண்ணீர் விடுகிற வேலைக்குப் போனாய். டேங்கர் லாரி நிற்கும், நீ குழாயைப் பிடித்துச் செடி செடியாகப் போவாய். வெளியில் வேலை, காற்று வருகிறது, சூப்பர்வைசர் தொல்லை இல்லை என்று என் தங்கையிடம் சொல்லியிருக்கிறாய்.

அன்று காலை நான் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நீ ரோட்டின் நடுவில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செடிக்குக் குனிந்திருந்தாய். டேங்கர் பின்னோக்கி உன் பக்கம் வர ஆரம்பித்தது. ரிவர்ஸ் மணி அடித்தது. நான் கத்தினேன். பஸ் ஸ்டாப்பில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எதிர்ப்பக்க டீக்கடையில்கூடத் திரும்பினார்கள். கடலில் உன்னிடம் ஓடிவந்தேனே, அப்படி ஓடிவர வழியில்லை. நமக்கு நடுவில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருந்தன. அந்த இடைவெளிகளில் நீ தெரிந்து தெரிந்து மறைந்தாய்.

உன் கருமாதி கழிந்து, பெண்ணுக்கு அப்புறம் நல்ல இடத்தில் முடிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன், எங்கேயோ போய்விட்டேன்.

இப்போதும் லாரி பின்னால் வருகிற மணி கேட்டால் என் இரண்டு கையும் தானாக மேலே போய்விடுகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் பெரியவருக்கு என்ன ஆச்சு என்று பார்ப்பார்கள். கையை எடுத்தால் நின்றுவிடும் என்று நீதானே சொன்னாய். அன்றைக்கும் எடுத்தேன் மச்சான். இரண்டு கையையும் எடுத்தேன்.