புதன்கிழமைக்கு ஒரு ஆள்

மார்ச் 4, புதன்

தொழில்காரர்கள் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்து இது மூன்றாவது வாரம். இன்னும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

காலை ஏழு மணிக்கு ஹோட்டல் மாடியில் ஒரு பெரிய அறை. எல்லாரும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு கை குலுக்குகிறார்கள். ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். வக்கீல் ஒருவர், பல் டாக்டர் ஒருவர், பெயிண்டர் ஒருவன், டைல்ஸ் ஒட்டுகிறவன் நான் ஒருவன். ஆளுக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று தன் தொழிலைப் பற்றிப் பேச வேண்டும். நிமிடம் முடிந்ததும் இன்சூரன்ஸ்காரர் மணி அடிப்பார். நான் அவருக்கு மணிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். "பாத்ரூம், சமையலறை, தரை, சுவர், எல்லாத்துக்கும் டைல்ஸ் ஒட்டுவேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். மணி அடிக்க நிறைய நேரம் இருந்தது. எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் என்ன சொல்ல? சிமெண்ட் குழைப்பதையா?

அதுகூடப் பரவாயில்லை. அடுத்ததுதான் பெரிய தலைவலி. ஒவ்வொருவரும் இன்னொரு உறுப்பினருக்கு ஒரு வாடிக்கையாளரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ரெஃபரல் என்கிறார்கள். "வக்கீல் சாருக்கு ஒரு ஆள் கொடுக்கிறேன்" என்று சீட்டை நீட்டினால் கைதட்டல். இல்லாதவன் "இந்த வாரம் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். யாரும் திட்டுவதில்லை. ஆனால் அந்த அமைதிக்குத் திட்டே தேவலாம்.

என்னை இதில் சேர்த்துவிட்ட பெயிண்டர் கீழே வண்டி எடுக்கும்போது சொன்னான்: "குடுத்தாத்தான்டா கிடைக்கும். யாரையாவது புடிச்சுக் குடு."

யாரைப் பிடிப்பது? நாளெல்லாம் முட்டி போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு யாரைத் தெரியும்? கையில் வேலை இல்லாமல் ஒரு மாதம் ஓடிவிட்டது. அதனால்தான் போகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கைகுலுக்கல் எனக்கு எதற்கு.

மார்ச் 5, வியாழன்

தெருமுனையிலேயே எங்கள் வீட்டு டிவி கேட்டது. அப்பா தகரப் பட்டறையில் காலமெல்லாம் சுத்தியல் அடித்தவர். காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மேல் வீட்டுக்காரர் மறுபடியும் வந்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டுப் போனாராம். என் மகளுக்குப் பரீட்சை. பாவம், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படிக்கிறாள். என் மனைவிக்கோ அவரிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது.

சாப்பிடும்போது அந்தக் குரலிலேயே ஆரம்பித்தாள். "உங்க தம்பிகிட்ட பேசுனீங்களா? அங்க ஒரு ரூம் சும்மாதானே கிடக்குது."

"பேசுறேன்."

"இதையேதான் போன மாசமும் சொன்னீங்க."

வேலை இல்லாத எரிச்சல் எனக்கு. "ஆமா, நானும் இவரோட எத்தனை நாளைக்குத்தான் மாரடிக்கிறது. போகட்டும், அவனும் கொஞ்ச நாள் பாக்கட்டும்" என்றேன்.

அப்பா எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 11, புதன்

இன்று கொடுத்துவிட்டேன். என்னையே கொடுத்தேன்.

என் முறை வந்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது: "பல் டாக்டருக்கு ஒரு ஆள். நான்தான். கடைவாய்ப் பல்லு வலிக்குது." ஒரே கைதட்டல். பல் டாக்டர் எழுந்து வந்து கை குலுக்கினார். அந்தப் பல் போன வருடம் ஒரு நாள் வலித்தது. பொய் என்று சொல்ல முடியாது.

மார்ச் 13, வெள்ளி

பல்லைப் பிடுங்கிவிட்டார். பேசினால் ஒரு பக்கமாகக் காற்று போகிறது. இவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கூட்டத்துல கைதட்டுறாங்கன்னு பல்லைக் குடுத்துட்டு வர்ற ஆளை இப்பத்தான் பாக்குறேன்."

ஆனால் ஒன்று. வாயில் பஞ்சோடு டாக்டரின் பாத்ரூமுக்குப் போனபோது சும்மா சுவரைத் தட்டிப் பார்த்தேன். பாதி டைல்ஸ் டொக்கு டொக்கு என்றது, உள்ளே பிடிப்பே இல்லை. வாயைத் திறக்க முடியாமல் கையாலேயே காட்டினேன். முழுவதையும் பெயர்த்துப் புதிதாக ஒட்டச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை வேலை ஆரம்பம்.

அப்படியென்றால் இது வேலை செய்கிறதா? பல்லைக் கொடுத்தால்தான் பாத்ரூம் கிடைக்குமா? அடுத்த வாரத்துக்கு எதைக் கொடுப்பேன்?

மார்ச் 18, புதன்

கையை விரிக்க மனம் வரவில்லை. ஒரு முறை கைதட்டல் வாங்கியவனுக்கு அந்த அமைதி இன்னும் மோசம்.

எனக்குப் பக்கத்து நாற்காலி காது மெஷின் கடைக்காரர். அமைதியான மனிதர். அவருக்கும் யாரும் ஆள் கொடுப்பதில்லை. எழுந்து நின்றேன். "காது மெஷின் சாருக்கு எங்க அப்பாவைக் குடுக்குறேன்."

பல்லுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல். மணிக்காரர்கூட மணியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

வழியெல்லாம் அந்த வாக்கியம் உறுத்தியது. இத்தனை வருடத்தில் அப்பாவைக் காதுக்காக ஒரு கடை வாசலுக்காவது கூட்டிப்போனேனா? இன்று கூட்டிப்போகிறேன் என்றால் அது அவருக்காகவா, புதன்கிழமைக்காகவா? தெரியவில்லை. நல்லதுதானே, எதற்காக இருந்தால் என்ன?

மார்ச் 21, சனி

"எனக்கு என்னடா குறை, வேண்டாம்" என்று முரண்டு பிடித்தார். எழுதிக் காட்டி, கெஞ்சிக் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெகு நேரம் கை மடியிலேயே இருந்தது. நான் வெளியே நின்று, தூக்கு, தூக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மெஷினை மாட்டியதும் சுற்றுமுற்றும் பார்த்தார். மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். தன் சட்டைக் கையைத் தேய்த்துப் பார்த்தார். "அப்பா" என்றேன், எப்போதும் போல் கத்தாமல்.

"உன் குரல் மாறிப்போச்சுடா" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு வரும்வரை ஒவ்வொரு ஹார்னுக்கும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மார்ச் 22, ஞாயிறு

டிவி கேட்கவே இல்லை. மகள் தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படிக்கிறாள். மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து, "பெரியவர் நல்லாத்தானே இருக்கார்? சத்தமே காணோமே" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இவள் சமையலறையில் என் காதருகில் வந்து கேட்டாள்: "மாமாவுக்கு எவ்வளவு தூரத்துக்குக் கேக்கும்?"

கடைக்காரரிடம் அதைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

மார்ச் 24, செவ்வாய்

கேட்கிறது. நன்றாகவே கேட்கிறது.

இவள் சமையலறையில் தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாளாம். பல வருடப் பழக்கம், மாமனார் புராணம். காலையில் ஒரு காபி குடித்துவிட்டுக் குடித்ததை மறந்து இன்னொன்று கேட்கிறார், என் உயிரை வாங்குகிறார் என்று. அப்பா டம்ளரைத் தானே கழுவிக்கொண்டு வந்து மேடையில் வைத்தாராம். "ரெண்டாவது காபி வேணாம்மா. மறந்து கேக்கலை. சாயங்காலம் வரைக்கும் பேச்சுத்துணைக்கு ஒரு சாக்கு, அவ்வளவுதான்."

கோபமாகச் சொல்லவில்லையாம். அதுதான் இவளுக்குத் தாங்கவில்லை. நான் வந்தபோது அழுது முகம் வீங்கியிருந்தாள்.

"சீக்கிரம் உங்க தம்பிகிட்ட பேசுங்க. என்னால மாமா முகத்தைப் பாக்க முடியலை."

என்ன கூத்து இது. காது கேட்கவில்லை என்று அனுப்ப நினைத்தோம். இப்போது காது கேட்கிறது என்று அனுப்ப நினைக்கிறோம். டிவிதான் குறை என்றோமே, டிவி அடங்கிவிட்டதே. அப்புறம் என்ன குறை? யாரிடம் குறை?

சத்தியமா எனக்கு ஒண்ணும் புரியலை.

மார்ச் 25, புதன்

இன்றைக்குப் பார்த்து எனக்குப் பாராட்டு. காது மெஷின்காரர் எழுந்து, "இந்தக் குழுவுல எனக்கு முதல் ரெஃபரல் குடுத்தது இவர்தான்" என்று சொல்லிக் கைகூப்பினார். நல்ல மனிதர், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. மெஷின் வந்தபிறகு வீடு எப்படி மாறியிருக்கிறது என்று என்னை ஒரு நிமிடம் பேசச் சொன்னார்கள்.

எழுந்து நின்றேன். எல்லாரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். என்ன மாறியிருக்கிறது? ஐந்தாம் தேதி அப்பா எதிரில் உட்கார்ந்து நான் சொன்னது ஞாபகம் வந்தது. சிரித்தாரே, எதற்குச் சிரித்தார்? உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டிருப்பாரோ? இத்தனை வருடமும் அப்படித்தானோ?

"எங்க அப்பாவுக்கு இப்ப எல்லாம் கேக்குது" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எழுந்து நின்று கைதட்டினார்கள். பெயிண்டர் முதுகில் தட்டி, "கலக்கிட்டடா" என்றான். வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார், தன் வீட்டுத் தரையை வந்து பார்க்கச் சொன்னார். வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு பேர் கைதட்டியதே இல்லை. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தேன். ஹோட்டல்காரன் ஓரத்தில் டைல்ஸைக் கோணலாக வெட்டி ஒட்டியிருக்கிறான்.

மார்ச் 27, வெள்ளி

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நானும் இவளும் பேசினோம். திருடன் பெண்டாட்டி மாதிரி இருக்கிறது என்றாள். ஒன்றும் முடிவாகவில்லை, தண்ணீர்தான் வீணானது.

மார்ச் 29, ஞாயிறு

தம்பி போன் செய்தான். செவ்வாய் இரவே அவனிடம் கேட்டுவைத்திருந்தேன். இவள்தான் எடுத்தாள். அறையைக் காலி செய்துவிட்டானாம், அடுத்த ஞாயிறு கூட்டிவரச் சொன்னான். போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் இவளைப் பார்த்தேன். அப்பா எதிர் நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இருவரும் பாத்ரூம் பக்கம் பார்த்தோம். அதையும் அவர் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

செய்தித்தாளை மடித்து வைத்தார். காதிலிருந்து மெஷினைக் கழற்றி, அதன் சின்ன டப்பாவுக்குள் வைத்து மூடி, மேஜையில் எங்கள் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

"நீங்க பேசுங்க. பேசி முடிச்சதும் சொல்லுங்க, மாட்டிக்கிறேன்."

திரும்பவும் செய்தித்தாளை விரித்துக்கொண்டார்.

இப்போது எவ்வளவு கத்தினாலும் அவருக்குக் கேட்காது. பேச எங்களிடம் ஒரு வார்த்தைகூட இல்லை. மகள் உள்ளே உரக்கப் படிப்பது மட்டும் கேட்டது.

இவள்தான் எழுந்தாள். டப்பாவைத் திறந்து மெஷினை எடுத்து, எப்படி மாட்டுவது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா பேசாமல் தலையைச் சாய்த்துக் காட்டினார். மாட்டிவிட்டாள்.

"மாமா, உங்களைப் பத்தின பேச்சு. நீங்க இல்லாம எப்படிப் பேசுறது?"

அவர் செய்தித்தாளை மறுபடி மடித்து வைத்தார். அப்புறம், "எனக்கு அங்க போக இஷ்டம் இல்லைம்மா" என்றார். "இத்தனை நாளா யாரும் கேக்கலை, அதான் சொல்லலை."

அது உண்மை. ஒருவரும் கேட்கவில்லை. காது கேட்காதவரிடம் என்ன கேட்பது என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். இவள் காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போனாள். நான் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்து, பேப்பரில் என்ன செய்தி என்று கேட்டேன்.

ஏப்ரல் 1, புதன்

கூட்டத்துக்குப் போனேன். என் முறை வந்தது. "இந்த வாரம் என்கிட்ட யாரும் இல்லை" என்று சொல்லி உட்கார்ந்தேன். அந்த அமைதி வந்தது, போனது. அப்புறம் வக்கீல் வீட்டுத் தரையை அளக்கப் போனேன்.

அடுத்த வாரமும் போவேனா? தெரியவில்லை. வேலை அங்கேதானே கிடைக்கிறது.

ஏப்ரல் 4, சனி

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி கூப்பிட்டான். நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று. போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக எழுந்துவிட்டேன். இவள் என்னையே பார்த்தாள். அப்பா பார்க்கவில்லை, சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

மறுபடி உட்கார்ந்தேன்.

"நாளைக்கு வரலை. அப்பா இங்கேயேதான் இருக்கப்போறாரு" என்றேன்.

ஏன், மெஷின்தான் சரியாக வேலை செய்யவில்லையா, அங்கே என்ன தகராறு, அண்ணி ஏதாவது சொன்னாளா என்று தம்பி அடுக்கிக்கொண்டே போனான். எனக்கு விளக்கத் தெரியவில்லை. என்னவென்று விளக்குவது? அதனால் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் ஏறிக்கொண்டே போனது. "இங்கதான் இருப்பாரு. என்கூடத்தான் இருப்பாரு. அவ்வளவுதான்."

அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"மெதுவாப் பேசுடா. எனக்குக் கேக்குது."