தினம் மூணு லாந்தர்

மார்ச் 3, செவ்வாய்

பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே போனில் அந்த இணைய விளையாட்டைத் திறந்து பார்த்தேன். நேற்று நான் செய்து அதன் சந்தையில் வைத்த மூன்று லாந்தரும் விற்றுப்போயிருக்கின்றன. முந்தாநாளும் மூன்று. அதற்கு முன்னாலும்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் இந்த விளையாட்டுக்கு நாலு மாசமாகப் புது ஆள் ஒருத்தர்கூட வரவில்லை. லாந்தர் என்பது புதுசாக வருகிறவர்கள் முதல் குகைக்குள் போக வாங்குவது. பழைய ஆட்களுக்கு எதற்கு? அவர்கள் கண்ணை மூடிக்கொண்டே அந்தக் குகையைச் சுற்றி வருவார்கள்.

அப்போ யாரு வாங்குறா? செய்தவன் பெயர் பொருளில் இருக்கும். வாங்கினவர் பெயர் மட்டும் தெரியாது. என்ன சட்டமோ.

மார்ச் 4

மறுபடியும் மூணு.

மார்ச் 5, வியாழன்

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, "விக்கலைன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க, வித்தா சந்தேகம். உங்க நிழல் பின்னாடி வந்தாக்கூட யாருடா அதுன்னு கேப்பீங்க" என்றாள்.

அவளுக்கு என்ன தெரியும்? கண்ணாடிக் கடையில் பதினாறு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறேன். ஒரு ஆள் ஒரே மாசத்தில் ஒரே பவரில் ரெண்டு கண்ணாடி வாங்கினார். இதில் ஏதோ இருக்கு என்று அன்றைக்கே சொன்னேன். பார்த்தால் அவருக்கு ரெண்டு குடும்பம். வீட்டுக்கு ஒரு கண்ணாடி.

மார்ச் 8, ஞாயிறு

சோதனை செய்தேன். ஒரு லாந்தருக்கு மட்டும் விலையை ஆயிரம் மடங்கு ஏற்றி வைத்தேன். கணினியே தானாக வாங்கும்படி வைத்திருக்கிற திருட்டுக் கும்பல் என்றால் மலிவானதை மட்டும் அள்ளும், இதைத் தொடாது.

சாயங்காலம் அதுவும் போய்விட்டது! விளையாட்டுக்குள்ளே ஒரு மாளிகை வாங்கும் காசு என் பையில் கிடக்கிறது.

அப்படியென்றால் மனுஷன்தான். யாருக்கோ ஏதோ தெரிந்திருக்கிறது. கம்பெனி புதுக் குகை திறக்கப்போகிறது, லாந்தர் தேவைப்படும், முன்னாடியே துப்புக் கிடைத்த ஒருத்தன் பதுக்குகிறான். நாளைக்கு என் லாந்தரையே எனக்குப் பத்து மடங்கு விலைக்கு விற்பான். நான் என்ன இளிச்சவாயனா?

விளையாட்டில் சேர்ந்து ஆடும் எங்கள் கூட்டத்து ஆளாக இருக்குமோ? அறுபது பேர் இருந்தோம், இப்போது நாலு. நான். தையல் சார் — நிஜத்தில் லாரி ஓட்டுகிறார், இங்கே பை தைக்கிறார். மருந்து காய்ச்சும் வைத்தியர். தலைவி குருவி. பதினொரு வருஷத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. ஆனால் என் அம்மா போனபோது சொந்தக்காரர்களுக்கு முன்னால் போன் செய்தது குருவிதான்.

அவள் அடிக்கடி சொல்வாள்: "சண்டை போட வர்றவங்க ஒரு வருஷத்துல போயிடுவாங்கண்ணா. எதையாவது செஞ்சு விக்கிறவங்கதான் நிப்பாங்க. தான் செஞ்சது யாருக்கோ வேணும்னு தெரியுற வரைக்கும்."

மார்ச் 10, செவ்வாய்

குருவி இன்றைக்கு நடந்து வந்தாள். வெள்ளைக் குதிரை எங்கே? முதல் வருஷம் நாற்பது பேர் சேர்ந்து போராடி அவளுக்குக் கொடுத்த குதிரை. இந்த உலகத்திலேயே அது ஒன்றுதான். கேட்டதற்கு, "நடந்தா உடம்புக்கு நல்லதுண்ணா" என்று சிரித்தாள்.

விளையாட்டுக்குள்ள ஏது உடம்பு?

விற்றுவிட்டாள். அவ்வளவு காசு எதற்கு அவளுக்கு? — சே, குருவியா? இருக்காது. இருக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்?

மார்ச் 12, வியாழன்

பொறி வைத்தேன். இன்றைக்கு லாந்தர் வைக்கும் நேரம் என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். தையல் சாரிடம் காலை எட்டு. குருவியிடம் மத்தியானம் ஒன்று. வைத்தியரிடம் சாயங்காலம் ஐந்து. வைத்துப் பத்து நிமிஷம் பார்ப்பது, விற்காவிட்டால் எடுத்துவிடுவது.

எட்டு மணிக்கு யாரும் தொடவில்லை. ஒரு மணிக்குக் கடையின் பின்னறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது நிமிஷம் மூன்றும் போயின.

பிடிச்சுட்டேன். ஆனா சோறு இறங்கல. டப்பாவை மூடிட்டேன்.

மார்ச் 14, சனி

எல்லார் முன்னாலும் கேட்டேன். "யாரு துப்புக் குடுத்தா குருவி? எங்களுக்கும் சொல்லியிருந்தா உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

"அப்படியாண்ணா நெனச்சீங்க?" என்றாள்.

மாட்டிக்கிட்டவங்க கேக்குற கேள்வி இது என்றேன். தையல் சார், "விடுப்பா, விடுப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் விடவில்லை. அரை மணி நேரத்தில் சிவப்பு எழுத்தில் வந்தது: குருவி கூட்டத்திலிருந்து விலகினார்.

மார்ச் 15

ஒரு லாந்தரும் விற்கவில்லை. நான் சொன்னது சரிதானே?

மார்ச் 19, வியாழன்

விற்கவில்லை. தையல் சாரின் பையும் ஐந்து நாளாக விற்கவில்லையாம். வைத்தியரின் மருந்தும்.

பையையும் மருந்தையும் எதுக்குப் பதுக்கணும்?

மார்ச் 21, சனி

கூட்டத்தின் பொதுப் பெட்டியைத் திறந்தேன். போகும்போது எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

ஆயிரத்துக்கு மேல் லாந்தர். எல்லாவற்றிலும் என் பெயர், செய்த தேதி. ஒன்றைக்கூட ஏற்றவில்லை, விற்கவில்லை. பக்கத்தில் தையல் சாரின் பைகள், வைத்தியரின் குப்பிகள். இருப்பதிலேயே பழைய லாந்தர் போன வருஷம் மார்ச் மாசம் செய்தது. அந்த வாரம்தான் நான், "எவனும் வாங்கல, விட்டுடலாம்னு இருக்கேன்" என்று புலம்பினேன்.

நாங்க போயிடக்கூடாதுன்னு வாங்கியிருக்கா. வேற ஒண்ணும் இல்ல. ஒரு புதுக் குகையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல.

நான் சோதனைக்கு வைத்த அந்த லாந்தரும் இருந்தது. எட்டாம் தேதி அதை வாங்கினாள். பத்தாம் தேதி நடந்து வந்தாள்.

என்ன மனுஷன்டா நீ?

மார்ச் 22, ஞாயிறு

மனைவியிடம் சொன்னேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். "மன்னிப்புக் கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். நாலு தடவை போன் செய்தேன். குருவி எடுக்கவில்லை.

மார்ச் 23, திங்கள்

குதிரையை அவளிடம் வாங்கினவன் அதைச் சந்தையில் விற்பனைக்கு நிறுத்தியிருந்தான். அந்த ஒரு லாந்தருக்கு வந்த காசை அப்படியே கொடுத்து மீட்டேன். விளையாட்டுத் தபாலில் அவளுக்கு அனுப்பினேன். 'தப்பு என்மேலதான்' என்று எழுதினேன், வேறெதுவும் தோன்றவில்லை. பதினைந்து நாளில் அவள் எடுக்காவிட்டால் குதிரை என்னிடமே திரும்பி வந்துவிடும்.

மார்ச் 27, வெள்ளி

தையல் சார், "பையெல்லாம் தூசி பிடிக்குது. வண்டியத் திருப்பிடலாம்னு பாக்குறேன்" என்றார்.

அவருக்குத் தெரியாமல் விளையாட்டில் எனக்கு இன்னொரு ஆளை உருவாக்கினேன். பெயர் நிழல். ஒரு பை வாங்கினேன், அவர் சொன்ன விலைக்கே. வைத்தியரிடம் ரெண்டு குப்பி.

ஏப்ரல் 3, வெள்ளி

தையல் சார் பரபரப்பாக வந்தார். "ஒரு வாரமா தினம் ஒரு பை போகுதுப்பா! யாரு வாங்குறான்னே தெரியல. எனக்கென்னவோ இதுல ஏதோ இருக்குன்னு தோணுது."

"விக்குதுன்னா விக்கட்டுமே சார்" என்றேன்.

"நீயா பேசுற?" என்றார் வைத்தியர்.

ஏப்ரல் 8, புதன்

நேற்றோடு பதினைந்து நாள் முடிந்தது. குதிரை திரும்பி வரவில்லை.

காலையில் சந்தையைப் பார்த்தேன். ஒரு லாந்தர் விற்றிருக்கிறது. மனைவி எட்டிப் பார்த்து, "யாரு வாங்கினாங்களாம்?" என்றாள்.

தெரியாது என்றேன். இன்னும் மூன்று செய்து வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பினேன்.