டோக்கன் இல்லாமல் சாவி கிடையாது

ஜூன் 8, ஞாயிறு

கடை திறந்தாயிற்று. பேரருவிக்குப் போகிற வழியில், அத்தைக்குச் சொந்தமான ஒற்றை அறை. குளிக்க வருகிறவர்களின் போன், கண்ணாடி, கார் சாவி எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவைத்து டோக்கன் தருவேன். அத்தை ஒரு வருஷம் தவணை தந்திருக்கிறாள். "அதுக்குள்ள தேறலேன்னா ஸ்டான்லிக்கு விட்டுருவேன். சிப்ஸ் கடை போட எடம் கேட்டு நடையா நடக்கான்."

கடைக்கு 'நம்பி வைங்க' என்று பெயர் வைத்தேன். போர்டைப் பார்த்து அத்தை சிரித்தாள். யார் சிரிக்கிறது பார்! நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஆறு வருஷம். பீரோ சாவிக்கொத்து இன்றுவரை அவள் இடுப்பைவிட்டு என் கைக்கு வந்ததில்லை.

ஜூன் 9

நானும் ஒரு எம்.பி.ஏ. அருவியில் குளிக்கப் போகிறவர்களுக்குக் காகித டோக்கன் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 10

நேற்று அதற்குமேல் எழுதத் தெம்பில்லை. திரும்பி வந்தவர்கள் எல்லாருடைய கையிலும் காகிதக் கூழ். எந்தப் போன் யாருடையது? மதுரைக்காரர் ஒருவர் பல்செட்டைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். பெயரைச் சொல்லுங்கள் என்றேன். பல் இல்லாமல் அவரால் சொல்ல முடியவில்லை. பெயர் சொன்னால்தான் பல் என்று நான் நிற்க, பல் வந்தால்தான் பெயர் என்று அவர் சைகை காட்ட, வரிசையே சிரித்தது. கடைசியில் அவரையே மாட்டிக் காட்டச் சொன்னேன். கச்சிதமாகப் பொருந்தியது.

வீட்டுக்காரர் தென்காசியிலிருந்து பிளாஸ்டிக் வில்லைகள் வாங்கிவந்தார். சிவப்புக் கயிறு கோத்து, கையில் கட்டி அனுப்புகிறேன். போர்டிலும் எழுதிவிட்டேன்: டோக்கன் தொலைந்தால் பொருளின் அடையாளம் சொல்ல வேண்டும்.

ஜூலை 27

அருவியில் வெள்ளம். குளிக்கத் தடை. தண்ணீர் குறைந்தாலும் வியாபாரம் இல்லை, கூடினாலும் இல்லை. இப்படி ஒரு தொழிலை ஊரெல்லாம் தேடிக் கண்டுபிடித்தது நானேதான்.

நவம்பர் 23

ஐயப்ப பக்தர்கள் கூட்டம். பெயர் கேட்டேன். "சாமி." அடுத்தவரிடம் கேட்டேன். "சாமி." நோட்டுப் பக்கம் முழுக்கச் சாமி. உடுப்பும் ஒன்றே, தாடியும் ஒன்றே. கயிறு மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு நானும் மாலை போட்டுக்கொண்டு மலை ஏறியிருப்பேன்.

மார்ச் 3

அருவி வெறும் பாறை. கடையில் நானும் ஈயும். அத்தை ஸ்டான்லியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் டேப்பை எடுத்து... என்ன நெஞ்சழுத்தம்! நான் உக்காந்திருக்கேன், என் தலைக்கு மேலயே டேப்ப நீட்டி அளக்கான். "அடுப்பு இங்கன வச்சிரலாம் ஆச்சி"ங்கான். அந்தம்மாவும் தலையாட்டுது.

அழுதேன். எழுதினால் என்ன? அழுதேன்தான். இந்தக் கடை போனால் எனக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

மார்ச் 5

அருவி இல்லாவிட்டால் என்ன, குரங்கு இருக்கிறது! ஸ்டான்லியின் தள்ளுவண்டியில் சிப்ஸ் வாங்கியவர்கள் நாலடி நடப்பதற்குள் பறிகொடுக்கிறார்கள். ஒரு அம்மாள் ஓடிவந்து, பொட்டலத்தை உள்ளே வைக்க முடியுமா என்று கேட்டாள். ஏன் முடியாது?

சாயங்காலம் பாதிப் பெட்டிகளில் ஸ்டான்லியின் சிப்ஸ். அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே.

ஜூன் 6

சாரல் தொடங்கிவிட்டது. தவணை முடிய இரண்டு நாள். பதில் கேட்க ஸ்டான்லி வாசலில் நிற்கும்போதே அத்தை முதல் குளியலுக்கு வந்தாள். எப்போதும் சாவிக்கொத்தோடுதான் அருவிக்குள் நிற்பாள். இன்று என்ன நினைத்தாளோ, "துருப் பிடிக்கு, இந்தா" என்று அவிழ்த்து நீட்டினாள். கயிற்றைக் கட்டி அனுப்பினேன்.

ஈரத்தலையோடு வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"கயிறு அவுந்து தண்ணியோட போயிட்டு. சாவியத் தா."

வரிசையே பார்க்கிறது. ஸ்டான்லியும் பார்க்கிறார். "அடையாளம் சொல்லுங்க அத்தை" என்றேன்.

"ஏட்டி, ஒனக்குத் தெரியாதா?"

"யாரா இருந்தாலும் சொல்லித்தான் ஆகணும்."

முறைத்தாள். "வாசச் சாவி. பீரோ சாவி. அரங்குவீட்டுச் சாவி."

"இந்தச் சின்னது?"

வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்தாள். "சீனிமிட்டாய் டப்பா. அவங்கிட்டச் சொல்லிராத."

அவன் என்றால் அவள் மகன், என் வீட்டுக்காரர். சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அம்மாவின் கண்ணில் இனிப்பே காட்டாதவர். ஆறு வருஷமாக நான் நகை என்று நினைத்துப் பொருமியது இதற்குத்தானா!

சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியைத் தந்தேன். "இங்க வச்ச பொருளப் பத்தி வெளியில பேச மாட்டோம் அத்தை."

கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டான்லியிடம் திரும்பினாள். "நீ வேற எடம் பாருடே."

ஜூன் 8

இன்று அத்தை டப்பாவையே கொண்டுவந்துவிட்டாள். கடைசிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். தினம் ஒன்றுதான் தருவேன் என்றேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டாள்.

டோக்கனை நீட்டினேன். வாங்காமல் போய்விட்டாள்.