பாலத்துக்குள்ளே நானூறு வவ்வால்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதறேன். இங்க நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம், அங்க நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிர்ல காதை மூடிக்கிட்டுதான் வெளிய போய்ட்டு வர்றேன்னு நம்பிப் பேனாவை எடுத்திருக்கேன். பல்வலி என்னாச்சு, டாக்டர்கிட்ட போனியா இல்ல இன்னும் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கியா. போன வாரம் நீ போன்ல அப்பாகிட்ட, மனுஷ உயிரை விட உங்களுக்கு வவ்வால் பெருசாப் போச்சான்னு கேட்டு வச்சுட்ட. அவர் போனை என் கையில கொடுத்துட்டுப் போய் ஷூவுக்குப் பாலிஷ் போட ஆரம்பிச்சுட்டாரு, மறுநாள் ஞாயித்துக்கிழமை, ஆபீஸே கிடையாதுன்னு கூட அவருக்கு நினைப்பில்ல. யாரோ உன் ஃபிரெண்டு அனுப்பின வீடியோவைப் பார்த்துட்டு நீ பேசிட்ட, அதுல பாதிக் கதைதான் இருக்கு. மீதியைப் போன்ல சொன்னா நடுவுல நடுவுல நீ குறுக்க பேசுவ, அதனாலதான் கடுதாசி.

ஆத்துப்பாலத்துல விரிசல் விட்டதுலேருந்து பஸ், லாரி, கார் எதையும் அதுல விடறதில்லைன்னு முன்னாடியே சொன்னேன்ல, டூவீலரும் நடந்து போறவங்களும் மட்டும்தான். பஸ் சுத்திக்கிட்டுப் போகுது, இருபது நிமிஷத்துல போற ஆஸ்பத்திரிக்கு இப்ப ஒண்ணே கால் மணி நேரம். ரிப்பேர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பாலத்தைச் சோதிச்சு ஒரு ஃபாரம் நிரப்பணும், அது அப்பா வேலை. பாலத்தோட அடிப்பக்கம் பெட்டி மாதிரி உள்ள வெத்தா இருக்குமாம், ஆள் குனிஞ்சு நடக்கலாமாம், அதுக்குள்ள போய் ஓட்டை போட்டுக் கம்பியை இறுக்கறதுதான் ரிப்பேரே. ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கு, உள்ள ஏதாவது உயிரினம் தங்கியிருக்கான்னு. இதுக்கு முன்னாடி போனவங்க எல்லாரும் அந்தப் பெட்டியோட வாய்ல நின்னு எட்டிப் பார்த்துட்டு இல்லைன்னு எழுதிட்டு வந்திருக்காங்க. உங்கப்பா முட்டி வலியோட டார்ச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கடைசி வரைக்கும் போயிருக்காரு. மேல பூரா வவ்வாலாம், ஒவ்வொண்ணு நெஞ்சுலயும் ஒரு குட்டி ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். காலேஜ்ல விலங்கியல் எடுக்கிற டீச்சரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. அந்தம்மா எண்ணிப் பார்த்துட்டு, நானூறுக்கு மேல இருக்கு, இது அழிஞ்சுக்கிட்டு வர்ற இனம், சட்டத்துல பட்டியல் போட்டுக் காப்பாத்துற ஜீவன்ல ஒண்ணு, குட்டி பறக்கிற வரைக்கும் உள்ள யாரும் போகக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அப்பா அந்தக் கட்டத்துல உண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு, வேலை மூணு மாசம் தள்ளிப் போச்சு.

அவ்வளவுதான், ஊர் வாய் திறந்துருச்சு. டீக்கடையில அவருக்கு வவ்வால்னு பேரே வச்சுட்டாங்க, தலைகீழா நின்னு டீ குடிப்பீங்களா சார்னு ஒருத்தன் கேட்டானாம். பெரிய ஆபீசர் கூப்பிட்டு, காலையில போனேன், ஒண்ணும் கண்ணுல படலைன்னு வேற ஃபாரம் எழுதிக் கொடுங்க, ரிட்டயர் ஆகறதுக்கு ஒண்ணரை வருஷம் இருக்கையில உங்களுக்கு எதுக்கு இந்த வம்புன்னு நல்லதனமா சொல்லியிருக்காரு. அப்பா, கண்ணுல பட்டுருச்சே சார்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டாரு. இதெல்லாம் நான் தாங்கிப்பேன். எதிர்வீட்டுத் தையக்கார அத்தை என்கிட்ட பேச்சை நிறுத்தினதுதான் எனக்கு ஆகல. உன் ஸ்கூல் யூனிஃபார்ம் அத்தனையும் அவ தச்சது, ஒவ்வொரு வருஷமும் நீ வளருவேன்னு ஓரத்துல துணி விட்டுத் தச்சவ. இப்ப வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸ், அதை முடிச்சுட்டு அந்தச் சுத்து பஸ்ல குலுங்கிக்கிட்டு வந்து இறங்கறப்ப முகம் வெள்ளைத் துணி மாதிரி இருக்கும். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திப்பா. அந்தக் கோபத்துல நானும் உங்கப்பாவோட மூணு நாள் பேசல, தட்டை வைக்கிற சத்தத்துலதான் பேசினேன்.

அப்புறம் ஸ்கூல் ஹால்ல கருத்துக் கேக்கறோம்னு கூட்டம் போட்டாங்க, நீ பார்த்த வீடியோ அதுல எடுத்ததுதான். லாரிக்காரர் ஒருத்தர், வவ்வால் வரி கட்டுதா ஓட்டுப் போடுதா, அதுக்கு எதுக்குச் சட்டம்னாரு, ஹாலே கை தட்டுச்சு. டீச்சர் எழுந்து, இது வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும், ஆள் புகுந்து ட்ரில்லிங் போட்டா தாய் பயந்து பறக்கும், குட்டி விழும், விழுந்தது திரும்ப ஏறாது, பாலத்தைச் சரி பண்ணாதேன்னு சட்டம் சொல்லல, பொறுன்னுதான் சொல்லுதுன்னாங்க. ரிப்பேர் வேலைக்கு ஆள் வச்சிருந்த மேஸ்திரி, மூணு மாசம் என் ஆளுங்களும் வயித்தைப் பொறுத்துக்கணுமான்னு கேட்டாரு. அவர் கேட்டதும் எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு, அந்தம்மா சொன்னதும் நியாயமாத்தான் பட்டுச்சு. அப்பதான் தையக்கார அத்தை நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தா. எனக்கு வவ்வால் மேல கோபம் இல்லைங்க, அதுவும் பிள்ளை பெத்ததுதான், ஆனா அதுக்கு ஒரு பட்டியல் இருக்கு, அந்த ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கு, பாலத்தை மூடினா ஆஸ்பத்திரிக்குப் போறவங்க எப்படிப் போவாங்கன்னு கேக்க அதுல ஒரு கட்டம் இருக்கான்னு கேட்டா. அப்பா எழுந்து, இல்லம்மா, அப்படி ஒரு கட்டம் இல்ல, இல்லாட்டியும் நான் எழுதியிருக்கணும், எழுதாதது என் தப்புன்னாரு. உன் ஃபிரெண்டு வீடியோ லாரிக்காரர் கைதட்டலோட முடிஞ்சு போச்சு, இது அதுல வராது.

மறுநாளே அவர் ஃபாரத்துக்குப் பின்னாடி கையால எழுதினாரு, ஆஸ்பத்திரிக்கு வாடிக்கையா போறவங்க பதினேழு பேர், அவங்க வியாதி, போற நாள் எல்லாம் கேட்டுக் கேட்டு. முதல் பேரு தையக்கார அத்தையோடது. ஆஸ்பத்திரி வேனை மட்டும் ஒவ்வொரு தடவையும் தனியா, நடந்து போற வேகத்துல விட்டா பாலம் தாங்கும்னு கணக்குப் போட்டுக் காட்டினாரு. யார் பொறுப்புன்னு ஆபீசர் கேக்க, சோதனை பண்ணிப் பார்த்துட்டு நானே கையெழுத்துப் போடறேன்னுட்டாரு. விரிசல் மேல குறுக்க மெல்லிசு கண்ணாடித் துண்டுங்களை ஒட்டினாங்க, விரிசல் ஒரு இழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைஞ்சுருமாம். வேன்ல ஆளுக்குப் பதிலா மணல் மூட்டையை ஏத்தி ஓட்ட, உங்கப்பா பாலத்துக்கு அடியில சாரத்துல நின்னு அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. கரையில நின்ன நான், சண்டை போட்ட மூணு நாளையும் அங்கயே வாபஸ் வாங்கிட்டேன். ஆறு தடவை வேன் போய் வந்துச்சு, ஒரு கண்ணாடியும் உடையல. செவ்வாய்க்கிழமைலேருந்து வேன் ஓடுது. முதல் நாள் நான் கேக்காமலே போய் அத்தை பக்கத்து சீட்டுல உக்காந்தேன், அவ வேண்டாம்னு சொல்லல, ஆனா ஜன்னலையே பார்த்துக்கிட்டு வந்தா. பாலத்து நடுவுல வேன் ஊர்ந்துக்கிட்டிருக்கையில, ஒருத்திக்கு ஒரே ஒரு குட்டிதானாமேன்னா. ஆமான்னேன். அவ்வளவுதான் பேச்சு. இன்னும் கதவு முழுசாத் திறக்கல, மேஸ்திரியோட ஆளுங்களும் வேலை தேடி வேற ஊருக்குப் போயிட்டாங்க, அதுக்கு உங்கப்பாகிட்டயும் வழியில்ல, சட்டத்துகிட்டயும் வழியில்ல. இது எல்லாம் சரியாப் போச்சுன்னு உனக்குப் பொய் எழுத மாட்டேன்.

நீ அப்பாகிட்ட மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம், அவர் ரொம்பக் கூச்சப்படுவாரு. அடுத்த தடவை போன் பண்ணா முதல்ல அவரைக் கூப்பிடச் சொல்லி, முட்டி எப்படி இருக்குன்னு கேளு, அது போதும்.

இத்தோட முடிக்கலாம்னுதான் பார்த்தேன், மனசு கேக்கல. கூட்டத்துல டீச்சர், வீட்டுல துணை இல்லாம இவ்வளவு உறுதியா ஒருத்தர் நிக்க முடியாதுன்னு சொன்னாங்க, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. இப்ப தெருவுலயும் அதையே சொல்றாங்க. அன்னைக்கு அவர் பாலத்துலேருந்து வந்து, சட்டையெல்லாம் வவ்வால் எச்சமா, சமையல்கட்டு வாசல்ல நின்னு விஷயத்தைச் சொன்னப்ப, நான் பாத்திரத்தைக் கழுவிக்கிட்டே, இல்லைன்னு எழுதிட்டு வாங்க, யார் உள்ள போய்ப் பார்க்கப் போறான்னு சொன்னேன். அவர் சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல, குளிக்கப் போயிட்டாரு. டீச்சர் என்னைப் புகழ்ந்தப்ப பக்கத்து நாற்காலியிலதான் இருந்தாரு, வாயைத் திறக்கல. இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டவும் இல்ல. ஊர் கொடுக்கிற நல்ல பேரை வாங்கிக்கிட்டேன், உன்கிட்டயும் அதை வாங்கிக்க எனக்கு மனசு வரல.

எந்தக் குறையும் இல்லாம நூறு வயசு நல்லா இரு. பல் டாக்டரை மறக்காதே.

உன்னையே நினைச்சுக்கிட்டிருக்கிற,
அம்மா